ஊதினால் உயிர் வருமா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது, கைமாறி வந்த வீடியோ கேம் பெட்டி ஒன்று ஓடாவிட்டால் என்ன செய்வது என்கின்ற விஷயமாகும். நோட்டீசைப் பார்த்த சிலர், "ஊரில் எத்தனையோ காரியம் கிடக்க, குழந்தைகள் விளையாட்டுச் சாமானுக்கு ஒரு கூட்டமா?" என்று கேட்டார்களாம். கேட்டது நியாயந்தான். ஆனால் இந்தச் சாமானை அரைவிலைக்கும் கால்விலைக்கும் வாங்குகின்றவன் யார் என்று யோசித்துப் பாருங்கள். பணக்காரன் புதிதாய் வாங்கிக்கொள்ளுகின்றான். அது கெட்டால் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று வாங்குகின்றான். கூலிக்காரனும் குமாஸ்தாவும்தான், பிள்ளை கேட்கின்றதே என்று, இன்னொருவன் உபயோகித்துக் கழித்ததை எண்ணி எண்ணிப் பணம் கொடுத்து வாங்குகின்றார்கள். வீட்டிற்கு வந்து ஸ்விட்சைப் போட்டால் பெட்டி ஓடுவதில்லை. விற்றவனோ, "எங்கள் வீட்டில் நேற்றுவரை ஓடிற்று" என்று சத்தியம் செய்கின்றான். அந்த நேரத்தில் இவனுக்கு வேண்டியது சத்தியமல்ல, விசாரணை. அந்த விசாரணையைப்பற்றியே பேசப்போகின்றோம்.

எல்லாப் பெட்டிகளையும் சொல்லப் பொழுது போதாது. ஆதலால் உலகமெங்கும் பேர்போன ஒன்றை எடுத்துக்கொள்ளுவோம். ஜப்பானிலுள்ள நின்டெண்டோ கம்பெனியார் 1983ம் வருஷம் ஜூலை மாதத்தில் ஃபாமிகாம் என்ற பெட்டியை விற்க ஆரம்பித்தார்கள். அதையே உருவம் மாற்றி, 1985 அக்டோபரில் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் முதலில் இறக்கினார்கள். அதற்கு நின்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம் என்று பெயர். இரண்டு உருவமும் சேர்ந்து உலகத்தில் 6 கோடிக்குமேல் விற்றிருக்கின்றன. அமெரிக்காவில் 1995லும் ஜப்பானில் 2003லும் இதன் விற்பனை நின்றுபோய்விட்டது. ஆகவே இன்று யார் கையில் இந்தப் பெட்டி இருந்தாலும் அது பெரும்பாலும் பழைய சாமான்தான்.

உருவத்தை ஏன் மாற்றினார்கள் என்பதில்தான் நோயின் வேர் இருக்கின்றது. அமெரிக்காவில் 1983ல் வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. கடைக்காரர்கள் "வீடியோ கேம்" என்ற பேரைக் கேட்டாலே கதவை மூடினார்கள். அதனால் கம்பெனியார், இது விளையாட்டுப் பெட்டியே அல்ல, படம் போடும் வீடியோ டெக் மாதிரியான ஒரு சாமான் என்று தோன்றும்படி வேஷம் போட்டார்கள். ஜப்பான் பெட்டியில் கேசட்டை மேலிருந்து நேரே சொருகவேண்டும். அமெரிக்கப் பெட்டியிலோ, முன்பக்கத்து மூடியைத் திறந்து, கேசட்டை உள்ளே தள்ளி, பிறகு கீழே அமுக்கவேண்டும். உள்ளே 72 உலோக ஊசிகள் உள்ள ஒரு கனெக்டர் இருக்கின்றது. கேசட்டின் ஓரத்திலுள்ள செம்புப் பட்டைகளை அந்த ஊசிகள் தொட்டால்தான் பெட்டி கேசட்டைப் படிக்கும். தள்ளித் தள்ளி, அமுக்கி அமுக்கி, சில வருஷத்தில் அந்த ஊசிகள் வளைந்து வில்தன்மையை இழந்துவிடுகின்றன. தூசும் களிம்பும் வேறு சேருகின்றன. வேஷத்துக்காகச் செய்த ஏற்பாடு வியாபாரிக்கு லாபமாயிற்று. வாங்கினவனுக்கு வியாதியாயிற்று.

வியாதியின் அடையாளம் என்னவென்றால், பெட்டியிலுள்ள சிவப்பு விளக்கு நொடிக்கு ஒரு தரம் மினுக் மினுக்கென்று அணைந்து எரியும். டி.வி.யும் அதே தாளத்தில் வெளிச்சமும் இருட்டுமாகும். விளையாட்டு வராது.

இதற்கு ஜனங்கள் கண்டுபிடித்த பரிகாரம் என்ன தெரியுமா? கேசட்டை வெளியே எடுத்து, அதன் வாயில் தம் வாயை வைத்து, புல்லாங்குழல் வாசிப்பதுபோல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஊதுவது. பிறகு சொருகுவது. ஓடாவிட்டால் மறுபடியும் ஊதுவது. அமெரிக்காவில் இதைச் செய்யாத பிள்ளை இல்லை. நம் நாட்டிலும் 1990ஐ ஒட்டிய வருஷங்களில், ஃபாமிகாமைப் பார்த்து வேறு பேர் போட்டுச் செய்த பெட்டிகள் விற்றன அல்லவா? அதை வைத்திருந்த வீடுகளிலும் இதே ஊதல்தான். ஒருவருக்கொருவர் முகம் பார்த்ததில்லை, கடிதம் எழுதிக்கொண்டதில்லை, பாஷை தெரியாது. அப்படியிருந்தும் உலகமெல்லாம் ஒரே சடங்கு! "இத்தனை லட்சம் பேர் செய்கின்றார்களே, பொய்யாயிருக்குமா?" என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் நமக்கு அகப்படாது.

ஏனென்றால், ஊதியதால் ஒரு நன்மையும் இல்லை என்பது மாத்திரமல்ல, கெடுதலும் உண்டு. மனிதனுடைய மூச்சில் ஈரம் இருக்கின்றது. ஊதும்போது எச்சில் திவலையும் போகின்றது. ஈரம் பட்ட உலோகம் களிம்பேறும். பெட்டியைச் செய்த கம்பெனியாரே, "ஊதாதீர்கள், ஈரத்தால் தொடுமுனைகள் கெட்டுவிடும்" என்று எச்சரித்திருக்கின்றார்கள். அமெரிக்காவில் ஒருவர் ஒரே விளையாட்டின் இரண்டு கேசட்டுகளை எடுத்து, ஒன்றை ஒரு மாத காலம் தினந்தோறும் ஊதியும், மற்றொன்றைச் சும்மா வைத்தும் பார்த்தார். ஊதிய கேசட்டின் பட்டைகள் கறைபிடித்துப் போயிருந்தன. இது பெரிய விஞ்ஞான சாலையில் நடந்த ஆராய்ச்சியல்ல, வீட்டில் செய்து பார்த்ததுதான். ஆனாலும் இரண்டில் ஒன்றைச் சும்மா வைத்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றிற்றே, அதுதான் அறிவு.

"அப்படியானால், நாங்கள் ஊதினபோது ஓடியதே, அது எப்படி?" என்று நீங்கள் கேட்கலாம். அவசியம் கேட்கவேண்டியதுதான். ஊதுகின்றவன் ஊதுவது மாத்திரமா செய்கின்றான்? கேசட்டை வெளியே எடுக்கின்றான், மறுபடியும் சொருகுகின்றான். அப்படிச் சொருகும்போது வளைந்த ஊசிகள் வேறு இடத்தில் உரசிக்கொண்டு போய் உட்காருகின்றன. பத்து தரத்தில் மூன்று நாலு தரம் நல்ல இடத்தில் தொட்டுவிடுகின்றன. பெட்டி ஓடுகின்றது. போதாததற்கு மூச்சின் ஈரமும் சிறிது நேரத்துக்கு மின்சாரம் பாய ஒத்தாசை செய்தாலும் செய்யலாம். வேலை செய்தது கை, பேர் வாங்கினது வாய்! ஊதாமல் எடுத்து எடுத்துச் சொருகிப் பார்த்திருந்தால் அன்றைக்கே உண்மை வெளியாகியிருக்கும். ஆனால் ஊதினால் ஓடும் என்று நம்பினவன், ஊதாமல் ஒரு தரம் சொருகிப் பார்க்கத் துணியவில்லை.

நம் கிராமங்களில் தேள் கொட்டினால் மந்திரித்து ஊதுகின்றவன் கதையும் இதுதானே? அநேகத் தேள்களின் கடுப்பு சில மணி நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். ஊதினவன் மந்திரத்தால் இறங்கிற்று என்கின்றான். செந்தேள் கொட்டின குழந்தைக்கு மட்டும் மந்திரம் பலிப்பதில்லை. அதற்கு ஆஸ்பத்திரிதான் வேண்டும். மந்திரிப்பவன் வீட்டில் கழிக்கும் நேரம் அந்தக் குழந்தையின் உயிர். கேசட் விஷயத்தில் உயிர் போகாது, கேசட் போகும். வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, ஊசி சரியாய்த் தொடாவிட்டால் படம் கோணலாய் வரவேண்டும், அல்லது வராமல் இருக்கவேண்டும். விளக்கு ஏன் மினுக்கவேண்டும்? இங்கேதான் கம்பெனியாரின் சாமர்த்தியம் இருக்கின்றது. அமெரிக்கப் பெட்டியினுள்ளே ஒரு பூட்டுச் சிப் வைத்திருக்கின்றார்கள். அதற்கு ஜோடியான இன்னொரு சிப் ஒவ்வொரு கேசட்டினுள்ளும் இருக்கின்றது. ஸ்விட்சைப் போட்டவுடன் இரண்டும் ஒரே கணக்கைப் போட்டு ஒன்றுக்கொன்று விடை சொல்லிக்கொள்ளவேண்டும். விடை ஒத்துப்போனால் ஓடவிடும். ஒத்துப்போகாவிட்டால், வாசற்படியில் நின்று குலம் கோத்திரம் விசாரிக்கின்ற காவற்காரனைப்போல், உள்ளேயிருக்கும் சிப் பெட்டியை நொடிக்கொரு தரம் நிறுத்தி நிறுத்தி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கச் செய்யும். அதுதான் மினுக்குதல். கம்பெனியின் அனுமதி இல்லாமல் வேறு யாரும் கேசட் செய்து விற்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. அனுமதி வாங்கினவர்களும் வருஷத்துக்கு இத்தனை விளையாட்டுதான் என்ற கட்டுக்கு உட்படவேண்டும். கேசட்டை நின்டெண்டோவிடமே செய்யக் கொடுத்து வாங்கவேண்டும். இந்தப் பூட்டைத் திறக்க அட்டாரி கேம்ஸ் என்ற கம்பெனி, சர்க்கார் பதிப்புரிமை ஆபீசில் பொய்க் காரணம் சொல்லி அந்தக் கணக்கின் நகலை வாங்கிற்று. அது கோர்ட்டு வரைக்கும் போய், 1992ல் அப்பீல் கோர்ட்டும் அட்டாரிக்கு விரோதமாகவே தீர்ப்புச் செய்தது. வியாபாரிகள் சண்டை அவர்களோடு போகட்டும். ரொக்கம் கொடுத்து அசல் கேசட்டையே வாங்கின வீட்டுக்காரன் என்ன குற்றம் செய்தான்? பூட்டுக்குப் போகின்ற ஊசி ஒன்று லேசாய்த் தொடாவிட்டாலும், அவனையும் திருடன் என்றே அந்தச் சிப் நினைக்கின்றது.

1993ல் கம்பெனியாரே மேலிருந்து சொருகும் புதிய உருவத்தைக் கொண்டுவந்தபோது அந்தப் பூட்டையும் எடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

இனி, பெட்டி ஓடாவிட்டால் செய்யவேண்டியது என்ன? முதலாவது, அடையாளத்தைப் பார்க்கவேண்டும். "ஓடவில்லை" என்பது ஒரு வியாதியல்ல, நாலைந்து வியாதிகளுக்குப் பொதுப் பெயர்.

விளக்கே எரியவில்லையென்றால் கேசட்டைத் தொடவேண்டிய அவசியமே இல்லை. கோளாறு மின்சாரம் வருகின்ற வழியில் இருக்கின்றது. முதலில் அடாப்டரைப் பாருங்கள். அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் ஊர் 230 வோல்ட்டில் அதைச் சொருகினால் புகைந்துபோகும். அங்கிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பெட்டி முதல் நாளே செத்துப்போவது அநேகமாய் இதனால்தான். செத்தது பெட்டியாயிராது, அடாப்டராயிருக்கும். குப்பையில் போடுமுன் விசாரியுங்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. அமெரிக்க அடாப்டர் 9 வோல்ட் ஏ.சி. கொடுக்கின்றது. ஜப்பான் ஃபாமிகாமுக்கு வேண்டியதோ டி.சி. "இரண்டும் ஒரே கம்பெனிதானே, முனையும் பொருந்துகின்றதே" என்று அதை ஃபாமிகாமில் சொருகினால் உள்ளே கெட்டுப்போகும். அமெரிக்கப் பெட்டிக்குள் ஏ.சி.யை டி.சி.யாக்கும் உறுப்பு இருக்கின்றது. ஆதலால் அது ஏறக்குறைய 9 வோல்ட் டி.சி.யையும் ஏற்றுக்கொள்ளும். பொருந்துகின்ற துவாரமெல்லாம் பொருத்தமான துவாரமல்ல. அடாப்டரின் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுச் சொருகுங்கள்.

அடாப்டர் சரியாயிருந்தும் விளக்கு எரியாவிட்டால், பெட்டிக்குள் வருகின்ற மின்சாரத்தை 5 வோல்ட்டாக்கிக் கொடுக்கின்ற ரெகுலேட்டர் என்ற மூன்று கால் உறுப்பைப் பார்க்கவேண்டும். மல்டிமீட்டர் முள்ளை வைத்தால், அதில் 5 வோல்ட் வருகின்றதா இல்லையா என்று தெரிந்துபோகும். ரெகுலேட்டரும் அதன் பக்கத்திலுள்ள கெப்பாசிட்டரும் எந்த ரேடியோ ரிப்பேர்க்காரனுக்கும் தெரிந்த சாமான்கள்தான். பெட்டிக்குள் இருப்பது குறைந்த வோல்ட்டு. ஆனால் சுவரில் சொருகும் அடாப்டரைத் தெரியாதவர்கள் பிளந்து பார்க்கக்கூடாது.

விளக்கு நிலையாய் எரிந்து, டி.வி.யில் ஒன்றுமே வராவிட்டால், பெட்டியைக் குற்றம் சொல்லுமுன் டி.வி.யை விசாரியுங்கள். அமெரிக்கப் பெட்டி அந்த நாட்டு முறைப்படி 3வது அல்லது 4வது சானலில் படம் அனுப்புகின்றது. அவர்கள் முறை வேறு, நம் பழைய டி.வி.க்களின் முறை வேறு. ஏரியல் கம்பியை விட்டுவிட்டு, பக்கத்திலுள்ள ஏ.வி. துவாரத்தில் கம்பி சொருகிப் பாருங்கள். படத்துக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று, இரண்டு கம்பி போதும். படம் வந்து வர்ணம் வராவிட்டாலும், பெட்டி ஓடுகின்றது, டி.வி.க்குத்தான் பாஷை புரியவில்லை என்று அர்த்தம்.

விளக்கு மினுக்கினால்தான் தொடுமுனை விஷயம். அப்பொழுதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, பலனைப் பாருங்கள். வேறொரு கேசட்டைப் போடுங்கள். அது ஓடினால் குற்றம் முதல் கேசட்டினுடையது. எந்தக் கேசட்டும் ஓடாவிட்டால் குற்றம் பெரும்பாலும் கனெக்டரினுடையது. ஐரோப்பாக் கேசட்டை அமெரிக்கப் பெட்டியில் போட்டாலும் மினுக்கும், ஏனெனில் பூட்டின் கணக்கு அங்கே வேறு. இது தெரியாமல் நல்ல கேசட்டைக் கெட்டதென்று சொல்லித் தூக்கி எறிந்தவர்களும் உண்டு.

கேசட்டைத் துடைக்க, காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, பட்டைகளின்மேல் தேய்க்கவேண்டும். பஞ்சு கறுத்து வரும். கறுக்காமல் வரும்வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைத்து, நன்றாய்க் காயவிடவேண்டும். உப்புத்தாள் கூடாது, அது மேல்பூச்சையே சுரண்டிவிடும். இங்கே ஒரு வேடிக்கை: கேசட்டின் முதுகில் கம்பெனியார், ஆல்கஹால் போட்டுத் துடைக்காதே என்று அச்சடித்திருக்கின்றார்கள். ரிப்பேர் தெரிந்தவர்களோ அதைத்தான் போடுகின்றார்கள். யாரை நம்புவது? ஆல்கஹால் கெடுக்கக்கூடியது லேபிலையும் சிலவகைப் பிளாஸ்டிக்கையும். உலோகப் பட்டையில் தொட்டால் ஆறிப்போய்விடும், ஈரம் தங்காது. ஊதாதே என்று கம்பெனி சொன்னதைக் காரணம் பார்த்து ஒப்புக்கொண்டோம். ஆல்கஹால் கூடாது என்பதைக் காரணம் பார்த்து, பட்டை மட்டிலும் விலக்கினோம். சொன்னவன் ஒருவனேயானாலும் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கவேண்டியிருக்கின்றது.

கனெக்டருக்கு வைத்தியம் கொஞ்சம் பெரியது. பெட்டியைக் கவிழ்த்து ஆறு திருகுகளைக் கழற்றினால் மூடி வரும். தகட்டையும் கேசட் தட்டையும் எடுத்தால் கனெக்டர் கையோடு வந்துவிடும், அதில் ஈயப்பற்று இல்லை. அதைக் கொதிக்கும் தண்ணீரில் சில நிமிஷம் போட்டெடுத்து, ஒரு நாள் முழுவதும் உலரவைத்து மாட்டினால் அழுக்கு நீங்கிப் பல பெட்டிகள் ஓடியிருக்கின்றன. தண்ணீரா, அப்புறம் ஊதுவதில் என்ன தப்பு என்று யாரும் கேட்டுவிடவேண்டாம். கொதிநீரில் கழுவி உலர்த்துவது வேறு, எச்சிலைத் தெளித்து மூடிவைப்பது வேறு. புதுக் கனெக்டர்களும் மலிவாய் விற்கின்றன. ஆனால் சில கேசட்டை உடும்புப் பிடியாய்ப் பிடித்துக்கொண்டு வெளியே விடுவதில்லை. ஆகையால் பழையதைச் சுத்தம் செய்து பார்த்துவிட்டுப் புதியதற்குப் போகலாம்.

பூட்டுச் சிப்பின் நான்காவது காலை பலகையிலிருந்து விடுவித்துத் தரையிணைப்போடு சேர்த்துவிட்டால் காவற்காரன் ஓய்ந்துபோவான், மினுக்குதல் நின்றுவிடும். அதனால் கெட்ட தொடுமுனை நல்லதாகிவிடாது. மினுக்குவதற்குப் பதிலாக ஒரே வர்ணத் திரையோ கோணல் படமோ வரும். ஆனால் கோளாறு எங்கே என்று கண்ணால் பார்க்கலாம். சாமான் நம்முடையது, விலை கொடுத்தாகிவிட்டது. அதன் காலை மடக்க நமக்கு உரிமையுண்டு என்பதே நம் அபிப்பிராயம்.

இதெல்லாம் பழங்கதை, இன்றைய பிள்ளைகள் ஊதுவதில்லை என்று சொல்லுவார்கள். 2005ல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி எக்ஸ்பாக்ஸ் 360 என்ற பெட்டியை விட்டது. அதில் ஏராளமானவை மூன்று சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் செத்தன. 2007 ஜூலையில் கம்பெனியே மூன்று வருஷம் இலவச ரிப்பேர் என்று சொல்லி, அதற்காக 100 கோடி டாலருக்குமேல் ஒதுக்கவேண்டியதாயிற்று. சூடேறிச் சூடேறி ஆறுவதால் சிப்புக்குள்ளிருக்கும் இணைப்புகள் முறிந்ததே காரணம் என்று 2021ல் வந்த படத்தில் அந்தக் கம்பெனியாரே சொன்னார்கள். படித்த, வயது வந்த மனிதர்கள் இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் என்ன? பெட்டியைத் துண்டால் சுற்றி, காற்றுப் போகாமல் மூடி, ஓடவிட்டுக் காய்ச்சுவது! சூட்டில் முறிந்த முனை விரிந்து தொட்டால் சில மணி நேரமோ சில நாளோ ஓடும். எந்தச் சூட்டால் வியாதி வந்ததோ அதையே இன்னும் ஏற்றினால் பிறகு என்ன ஆகும்? வீடு தீப்பிடிக்காமலிருந்தால் அதுவே லாபம்.

கைமாறிச் சாமான் வாங்குகின்றவர்களுக்கு இது முக்கியம். துண்டு சுற்றிக் காய்ச்சின பெட்டி கடையில் பத்து நிமிஷம் நன்றாய் ஓடும். ஆகையால் பத்து நிமிஷத்தைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பெட்டி ஆறியிருக்கும்போது கையால் தொட்டுப் பார்த்து, பிறகு ஸ்விட்சைப் போடச் சொல்லி, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, மறுபடியும் போட்டுப் பாருங்கள். பழைய நின்டெண்டோ பெட்டியானால் நீங்கள் கொண்டுபோன கேசட்டைப் போட்டுப் பாருங்கள். விற்பவன் கேசட்டை வாயருகே கொண்டுபோனானானால் கனெக்டர் போய்விட்டது என்று தெரிந்துகொண்டு, அந்த அளவுக்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கனெக்டரும் சரி, கேசட்டும் சரி, 5 வோல்ட்டும் சரி, அப்படியும் ஒரே வர்ணத் திரைதான் வருகின்றது என்றால், பெரிய சிப்புகளில் ஒன்று போயிருக்கலாம். அதை எடுத்துவிட்டு வேறு போட, செத்த இன்னொரு பெட்டியிலிருந்து சிப் வேண்டும், கைதேர்ந்த ஈயப்பற்றுக்காரனும் வேண்டும். கட்டுப்படியாகாவிட்டால் உறுப்பாகவே விற்றுவிடலாம். கனெக்டர், தட்டு, கைப்பிடி ஒவ்வொன்றுக்கும் வாங்குவோர் உண்டு.

சந்தேகமுள்ள தோழர்கள் சீட்டில் எழுதி மேஜைக்கு அனுப்பலாம். விளக்கு எரிகின்றதா, மினுக்குகின்றதா, எரியவே இல்லையா என்பதை முதல் வரியில் எழுதிவிடுங்கள்.